உப்பு மூட்டையைப் பிரிக்கும் முன்: குளோரின் பெட்டி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பண்ணை வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகப் பெருக, உப்புநீர் நீச்சல் குளங்களும் கூடிக்கொண்டு வருகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி வரைக்கும் வந்துவிட்டன. குளோரின் டப்பா வாங்கி வந்து கொட்டுகிற வேலை இல்லை, கண் எரிச்சல் குறைவு என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையும்கூட. ஆனால் குளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு புதுத் தலைவலி வருகிறது. குளத்து உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் பெட்டி ஒன்று மோட்டார் அறைச் சுவரில் மாட்டியிருக்கும். அது திடீரென்று ‘லோ சால்ட்’, அதாவது உப்பு குறைவு என்று விளக்கைப் போடுகிறது. போன மாதம்தான் உப்பு போட்டிருக்கும். குளத்தில் கசிவும் இருக்காது. அப்படியென்றால் உப்பு எங்கே போயிற்று?

பெரும்பாலும் எங்கும் போயிருக்காது, தண்ணீரில்தான் இருக்கும். பெட்டி காட்டும் எண்தான் தப்பாக இருக்கும். இது தெரியாததால், “சார், லோ சால்ட்னு காட்டுது, ரெண்டு மூட்டை போட்டுடட்டுமா?” என்று பராமரிப்பவர் போனில் கேட்பதும், பெங்களூரில் இருக்கும் முதலாளி “சரி, போட்டுடுங்க” என்பதும் வழக்கமாகிவிட்டது. உப்பு விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அது வடிகட்டியில் நிற்காது, வெயிலில் ஆவியாகாது. தண்ணீரை வெளியே விட்டு, புதுத் தண்ணீர் நிரப்புவது ஒன்றே வழி. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று மட்டும் வருகிற ஊர்கள் இருக்கிற மாவட்டங்களில், இரண்டு டேங்கர் தண்ணீரை இப்படி வீணாக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெட்டி எதை அளக்கிறது?

உப்புநீர்க் குளம் என்றதும் கடல் தண்ணீர் மாதிரி கரிக்கும் என்று நினைக்க வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தக் குளங்களில் பொதுவாக 3 முதல் 3.5 கிராம்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அதை ஒரு பிபிஎம் என்கிறோம். ஆக 3000 முதல் 3500 பிபிஎம். கருவிக்குக் கருவி இது சற்று மாறும் என்பதால் உங்கள் பெட்டியின் கையேட்டில் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து, வடிகட்டி வழியாகத் தள்ளி, கடைசியில் ‘செல்’ எனப்படும் தடித்த குழாய்த் துண்டு வழியாகத் திரும்பக் குளத்துக்கு அனுப்புகிறது. செல்லுக்குள் மெல்லிய டைட்டானியம் தகடுகள் சின்னச் சின்ன இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் ருத்தீனியம், இரிடியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூச்சு இருக்கும். பெட்டி இந்தத் தகடுகளுக்குக் குறைந்த வோல்ட்டில் நேர்மின்சாரம் கொடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு ஒரு பக்கத் தகட்டில் குளோரினாக மாறி, தண்ணீரில் கரைகிறது. எதிர்ப்பக்கத் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ்களும் காரமும் உண்டாகின்றன. இந்தக் காரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தொந்தரவு கொடுக்கும். உண்டான குளோரின் கிருமிகளைக் கொன்று, வெயிலில் சிதைந்து, கடைசியில் மறுபடியும் குளோரைடாகவே ஆகிவிடுகிறது. அதனால் குளோரின் தயாரிப்பதில் உப்பு செலவாவதில்லை. அதே உப்பு சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலான பெட்டிகளில் உப்பை நேரடியாக அளக்கும் எதுவும் கிடையாது. தகடுகளுக்குக் கொடுத்த வோல்ட், அவற்றுக்கு இடையே ஓடிய ஆம்பியர், தண்ணீரின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் வைத்து, இவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்றால் இவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. சில மாடல்களில் இதற்கென்று தனி சென்சார் உண்டு. அதுவும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைத்தான் பார்க்கிறது. ஆகவே திரையில் 2400 என்று வந்தால், மின்சாரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஓடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உப்பு குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம். தகட்டில் படிவு, செல்லுக்குள் காற்று, கெட்டுப்போன வெப்பநிலை சென்சார், பச்சை பூத்த கனெக்டர், தேய்ந்துபோன பூச்சு என்று மற்ற காரணங்களும் இருக்கின்றன.

உப்பு உண்மையிலேயே எப்படிக் குறையும்?

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 70 கன மீட்டர், அதாவது 70,000 லிட்டர். உப்பு 3200 பிபிஎம்.

இந்தக் குளத்திலிருந்து உப்பு வெளியேற வேண்டுமென்றால் தண்ணீரோடு சேர்ந்துதான் போக வேண்டும். மணல் வடிகட்டியை ஒரு தடவை பேக்வாஷ் செய்ய, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ, ஆயிரம் லிட்டர் போகிறது என்றால், அந்த இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்பிய பிறகு குறைவது சுமார் 45 பிபிஎம். ஐப்பசியில் ஒரே ராத்திரி 70 மில்லிமீட்டர் மழை கொட்டி, அதே அளவு நிரம்பி வழிந்து போனாலும் குறைவது ஏறத்தாழ 160 பிபிஎம்தான். குழந்தைகள் குதித்து வெளியே தெறிப்பது இன்னும் சொற்பம். ஆவியாகும் தண்ணீர் உப்பைத் தன்னோடு கொண்டுபோவதே இல்லை.

இதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று மாதத்தில் மெல்ல மெல்ல 400 குறைந்திருந்தால் அது உண்மையான உப்பு இழப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நேற்று 3200 காட்டிய பெட்டி இன்று 2400 காட்டினால், அதற்கு ஒரே இரவில் குளத்தின் கால்பங்குத் தண்ணீர் மாறியிருக்க வேண்டும். அப்படி மாறியிருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்காது. திடீர் சரிவு என்றால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் உப்பைத் தனியாக அளந்துவிடுங்கள்

பெட்டி சொல்வது சரியா என்று பெட்டியிடமே கேட்க முடியாது. தனியாக ஒரு அளவு வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த எந்த வேலைக்கும் போகாதீர்கள்.

சுலபமானது உப்புப் பரிசோதனைத் தாள். சிறு கோப்பையில் ஓர் அங்குல அளவு குளத்துத் தண்ணீர் எடுத்து, தாளை நிற்கவைத்தால், தண்ணீர் தாளுக்குள் ஊறி ஏறும்போது பழுப்புப் பட்டையில் வெள்ளை முனை ஒன்று மேலே போகும். சில நிமிடத்தில் ஏற்றம் நின்றதும், முனை நிற்கும் எண்ணைப் புட்டியில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அட்டவணை புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் பழைய புட்டியின் அட்டவணையை வைத்துப் புதுத் தாளைப் படிக்கக் கூடாது. மோட்டார் அறை ஈரத்தில் மூடி திறந்து கிடந்த தாள்களையும் நம்ப வேண்டாம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் சொட்டு முறை. பத்து மில்லி தண்ணீரில் மஞ்சள் நிறக் குரோமேட் துளியை விட்டுக் கலக்கி, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் அந்த இடம் மட்டும் செம்பழுப்பாகி, ஆட்டியதும் மறுபடி மஞ்சளாகிவிடும். குளோரைடு தீர்ந்த கணத்தில், ஆட்டியும் மஞ்சள் திரும்பாது, முழுதும் செங்கல் நிறம் ஏறி நிற்கும். அதுவரை விட்ட சொட்டுகளை எண்ணி, கிட்டில் சொல்லியிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். சொட்டுக்கு 200 பிபிஎம் என்றால் 16 சொட்டுக்கு 3200. புட்டியை நேராகப் பிடித்து, எல்லாச் சொட்டும் ஒரே அளவாக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சில்வர் நைட்ரேட் பட்ட விரலில் கறை ஏறும், நாலைந்து நாள் போகாது. குரோமேட் நச்சுப் பொருள். ஆகவே கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், பரிசோதித்த தண்ணீரைக் குளத்தில் திரும்ப ஊற்றாதீர்கள்.

கிட் இல்லையா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி மாதிரியைப் பரிசோதிக்கலாம். அங்கே கொடுக்கும் அறிக்கையில் ‘குளோரைடு’ என்றுதான் இருக்கும். அதை 1.65-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். குளோரைடு 1940 என்றால் உப்பு 3200. இதைப் பெருக்காமல் 1940-ஐயே உப்பு என்று எடுத்துக்கொண்டு மூட்டையைத் தூக்க வேண்டாம்.

ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனா போன்ற டிடிஎஸ் (மொத்தக் கரைபொருள்) மீட்டர் போதாதா என்று பலர் கேட்பார்கள். அவசரத்துக்குப் பயன்படும். ஆனால் அதில் மூன்று சிக்கல்கள். முதலாவது, விலை குறைந்த பல மீட்டர்கள், அளவு ஆயிரத்தைத் தாண்டியதும் பத்தால் வகுத்த எண்ணைக் காட்டி, ஓரத்தில் ‘எக்ஸ் 10’ என்று மின்னும். திரையில் 320 என்றிருந்தால் அது 3200. இரண்டாவது, மின்கடத்துத் திறனை 0.5-ஆல் பெருக்கும் மீட்டரும் உண்டு, 0.7-ஆல் பெருக்கும் மீட்டரும் உண்டு. ஒரே தண்ணீரை ஒன்று 3000 என்றும் இன்னொன்று 4200 என்றும் சொல்லும். சாப்பாட்டு உப்புக்குச் சரியாக வருவது ஏறத்தாழ 0.5. மூன்றாவது சிக்கல்தான் நம் ஊருக்கு முக்கியம். அந்த மீட்டர் உப்பை மட்டும் பார்ப்பதில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சல்பேட் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது.

நம் போர் தண்ணீரால் வரும் குழப்பம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் கடினப்பாறைப் பூமி. பாறை வெடிப்புகளில் பல காலம் தங்கி வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினமாக இருக்கிறது. கீஸர் காயிலிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். புளோரைடு கூடுதலாக இருப்பதும் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரைடால் குளத்தின் உப்பு அளவு தப்பாகக் காட்டுமா என்றால், காட்டாது. குடிநீரில் புளோரைடுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1.5 பிபிஎம். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தாலும் உடம்புக்குத்தான் கேடு, 3000 பிபிஎம் உப்புக்கு நடுவே கருவிக்கு அது தெரியவே தெரியாது. கருவியைக் குழப்புவது கடினத்தன்மையும் மொத்தக் கரைபொருளும்தான்.

எப்படி என்று பாருங்கள். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1500 என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசி வெயிலில் நமது 50 சதுர மீட்டர் குளத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது. நாளுக்கு 250 லிட்டர், மாதத்துக்கு 7500 லிட்டர். ஆவியாவது சுத்தமான தண்ணீர், ஈடுகட்ட நாம் ஊற்றுவது 1500 பிபிஎம் தண்ணீர். மாதத்துக்குப் பதினோரு கிலோவுக்கு மேல் கரைபொருள் குளத்தில் சேருகிறது, அதாவது 160 பிபிஎம். ஒரு பகுதி படிவாக இறங்கிவிடும் என்றாலும், கோடை முடிவதற்குள் நாம் ஒரு பிடி உப்புகூடப் போடாமலே பெட்டியின் எண் நானூறு ஐந்நூறு ஏறியிருக்கும். ‘ஹை சால்ட்’ (உப்பு அதிகம்) என்று பெட்டி சொன்னால் நம் பக்கம் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே கடினத் தண்ணீர் தகடுகளில் சுண்ணாம்பாகப் படிந்து எண்ணைக் கீழே இழுக்கும். கரைபொருள் எண்ணை மேலே தள்ள, படிவு கீழே இழுக்க, இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்து, பெட்டி நல்ல பிள்ளையாக 3200 காட்டிக்கொண்டிருக்கவும் கூடும். உள்ளே செல் மூச்சுத்திணறிக் கிடக்கும். எண் சரியாக இருந்தும் குளோரின் போதவில்லை என்றால் செல்லைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

எண் குறைவாகக் காட்டினால்

தனியாக அளந்ததில் உப்பு சரியாக இருக்கிறது, பெட்டி மட்டும் குறைத்துக் காட்டுகிறது என்றால், முந்நூறு நானூறு வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் நான் பார்க்கச் சொல்லும் முதல் இடம் தகடுகள்.

மோட்டாரையும் பெட்டியையும் நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்து, வால்வுகளை மூடிவிட்டு, செல்லின் இரு பக்க யூனியனையும் (திருகு இணைப்பையும்) கையால் திருகிக் கழற்றுங்கள். ஒரு முனையிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் தகடுகள் கரும்சாம்பல் நிறத்தில், இடைவெளி சீராக, மறுபக்க வெளிச்சம் கோடு கோடாகத் தெரிய வேண்டும். இடைவெளிகளில் வெள்ளையாக, சொரசொரப்பாக, சில இடத்தில் இரண்டு தகட்டையும் ஒட்டவைத்தாற்போல் அடைத்துக்கொண்டு இருந்தால் அதுதான் சுண்ணாம்புப் படிவு. முன்னே சொன்ன காரத்தின் வேலை இது. அது உண்டாகும் தகட்டின் ஓரத்தில் பிஹெச் எனப்படும் அமில-கார அளவு எகிறுவதால், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் அங்கேயே கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. பெட்டி சில மணிக்கொரு தரம் மின்சாரத்தின் திசையை மாற்றி இதை உதிர்க்கப் பார்க்கும். நம் தண்ணீருக்கு அது பல நேரம் போதுவதில்லை.

முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாருங்கள். மெல்லிய படிவு அதிலேயே போய்விடும். மிச்சத்தை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ மெதுவாகத் தள்ளலாம். ஸ்க்ரூ டிரைவரும் கத்தியும் கூடவே கூடாது, பூச்சு கீறினால் செல்லுக்கு ஆயுள் போச்சு. அதற்கும் மசியாவிட்டால்தான் ஆசிட். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும், கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, மூன்றும் கட்டாயம். பக்கத்தில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் டப்பாவோ இருக்கக் கூடாது, ஆசிட்டோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான வாயு வரும். செல்லின் ஒரு முனையை மூடி நிறுத்தி, ஒயர் நனையாதபடி கரைசலை ஊற்றினால் நுரை பொங்கும். நுரை அடங்கினால் படிவு கரைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ராத்திரி முழுக்க ஊறவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஆசிட் குளியலும் பூச்சையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. மாதாமாதம் ஆசிட் தேவைப்படுகிறது என்றால் குளத்துத் தண்ணீரின் பிஹெச் ஏறிக் கிடக்கிறது. அதை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே பிடித்து வைத்தால் படிவு தானாகக் குறையும்.

தகடு சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் காற்று. கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கி, ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை உள்ளிழுக்கும் திறப்பு) வாய் பாதி வெளியே தெரிந்தால் மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். மோட்டாரின் முன்கூடையில் மாவிலையும் புளியம்பூவும் அடைத்திருந்தாலும், கூடை மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும் இதே கதை. செல் முழுதும் நிரம்பாமல் மேல்பாதியில் காற்று நின்றால், தகடுகளின் பாதிப் பரப்புதான் தண்ணீரில் இருக்கும். மின்சாரம் குறையும், பெட்டி உப்பு குறைந்ததாகச் சொல்லும். திரும்பும் குழாய் வாயில் குளத்துக்குள் குமிழ்கள் கொப்புளிக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் அதன் மின்கடத்துத் திறன் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். இதற்காகத்தான் பெட்டிக்குள் வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறது. திருத்தம் சரியாக இருக்க சென்சார் சரியாக இருக்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழியில் அங்கே குளத்துத் தண்ணீர் 20 டிகிரிக்கு வந்திருக்க, கெட்டுப்போன சென்சார் 30 என்று சொல்லிக்கொண்டிருந்தால், 3200 இருக்கும் உப்பைப் பெட்டி 2600-க்குப் பக்கமாகக் காட்டும். சோதிப்பது ரொம்பச் சுலபம். பெட்டியின் மெனுவில் தண்ணீர் வெப்பநிலையைப் பாருங்கள், ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைக் குளத்தில் ஐந்து நிமிடம் போட்டு ஒப்பிடுங்கள். ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்சார்தான் குற்றவாளி.

கனெக்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்லிலிருந்து பெட்டிக்கு வரும் பிளக்கை, மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றி, ஊசிகளில் பச்சையோ கருப்போ ஏறியிருக்கிறதா, ஓரம் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் அறையிலேயே ஆசிட் கேனை வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள், அந்தப் புகை செம்பைத் தின்றுவிடும். கேனை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீசியன் வேலை, அதில் கைவைக்க வேண்டாம். இரவில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில், எண் இரவில் மட்டும் குறைகிறதா என்று குறித்து வைத்து அவரிடம் சொன்னால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் செல்லின் வயதைக் கேளுங்கள். தகட்டின் பூச்சு தேய்ந்துகொண்டே வரும் பொருள். பராமரிப்பைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரும் என்பது பொதுவான கணக்கு. மின்சாரத்தின் திசை மாறும்போது பெட்டி காட்டும் எண்ணையும் பாருங்கள். ஒரு திசையில் 3100, மறுதிசையில் 2300 என்று வந்தால் ஒரு பக்கத் தகடுகளின் பூச்சு போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு உப்பும் மருந்தில்லை, ஆசிட்டும் மருந்தில்லை, செல்லை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று: சில பெட்டிகள் அந்தக் கணத்து அளவைக் காட்டாமல் சராசரியைக் காட்டும். சுத்தம் செய்து மாட்டியும் பழைய எண்ணே நிற்கிறதே என்று பதற வேண்டாம். கையேட்டில் உள்ளபடி உடனடி அளவைத் தேடிப் பாருங்கள், அல்லது சராசரியை ரீசெட் செய்யுங்கள். புதுச் செல் மாட்டியவர்கள் பெட்டியின் மெனுவில் செல் மாடலையும் மாற்ற வேண்டும். பெரிய செல்லுக்கான கணக்கைச் சின்னச் செல்லுக்குப் போட்டால் எண் என்றைக்கும் சரியாக வராது. கைமுறையாக அளவைத் திருத்தும் வசதி இருந்தாலும், அழுக்குச் செல்லை வைத்துக்கொண்டு திருத்தாதீர்கள். செல்லைச் சுத்தம் செய்த மறுநாளே அந்தத் திருத்தம் எதிர்ப்பக்கம் தப்பாகிவிடும்.

உப்பு உண்மையிலேயே குறைந்திருந்தால்

அப்போது போடத்தான் வேண்டும். குறைந்த உப்பில் ஓட்டினாலும் பூச்சு சீக்கிரம் தேயும். கணக்கு எளிது: குளத்தின் லிட்டரை, கூட்ட வேண்டிய பிபிஎம்மால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் கிலோ வரும். நமது 70,000 லிட்டர் குளத்தில் 500 பிபிஎம் கூட்ட 35 கிலோ. அதையும் ஒரேயடியாகப் போடாமல் முதலில் 25 கிலோ போட்டு, ஒருநாள் கழித்து அளந்து, மீதியை முடிவு செய்வது என் பழக்கம்.

தூத்துக்குடி, வேதாரண்யம் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். ஏற்கெனவே கடினமான தண்ணீரில் அதைப் போட்டால் தகட்டுக்கு நாமே சுண்ணாம்பு ஊட்டுவதாகும். அயோடின் கலந்த சமையல் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் இருக்கும். 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, அயோடின் சேர்க்காத சுத்திகரித்த உப்பைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை அணைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, ஆழம் குறைந்த பக்கமாகப் பரவலாகத் தூவி, அடியில் தேங்குவதைப் பிரஷால் தள்ளிக் கரைக்க வேண்டும். 24 மணி நேரம் சுற்றிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். பாதி கரைந்த நிலையில் பார்த்துவிட்டு இன்னொரு மூட்டையைத் தூக்கியவர்களால்தான் நிறையக் குளங்கள் 4500-ஐத் தாண்டியிருக்கின்றன.

அப்படித் தாண்டிவிட்டால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடலாம், ஏணியும் கைப்பிடியும் அரிக்கத் தொடங்கும். 4500-ஐ 3200-க்கு இறக்க நமது குளத்தில் சுமார் 20,000 லிட்டரை வெளியேற்றி, அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும் போர் தண்ணீரிலும் உப்பு இருந்தால் இன்னும் அதிகம். மழைக்காலம் பக்கத்தில் இருந்தால், பெட்டி ஓடும் அளவுக்குள் இருக்கிறவரை, மழையை நம்பிக் காத்திருப்பது மேல்.

வெளியேற்றும் தண்ணீரை மாந்தோப்புக்கு விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் குளம் வைத்திருக்கிற பண்ணை வீடுகளில் பல, பெங்களூரா, அல்போன்சா மாந்தோப்புக்கு நடுவேதான் இருக்கின்றன, வாய்க்கால் அங்கேதான் போகும். மாமரம் உப்பைத் தாங்காது. இலை நுனி கருகும், மண்ணில் சேர்ந்த உப்பு அடுத்த பருவத்துப் பிஞ்சையும் பாதிக்கும். ஏரியிலும் திறந்த கிணற்றுப் பக்கத்திலும் விடுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று நாள் குளோரின் உற்பத்தியை நிறுத்திவைத்து, தண்ணீரில் குளோரின் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஓரளவு உப்பைத் தாங்கும் தென்னைக்கு, ஒரே மரத்தடியில் விடாமல் மரம் மாற்றி, ஒவ்வொரு நாளும் கொஞ்சமாகப் பிரித்து விடுங்கள். இடையிடையே அதே மரங்களுக்கு நல்ல தண்ணீரும் பாய வேண்டும்.